ஆட்டத்துக்கு நாள் குறித்த காளியண்ணன்

கல்யாணத்துக்கு நாள் குறிக்க ஐயர் இருக்கிறார். திருவிழாவுக்கு நாள் குறிக்கப் பூசாரி இருக்கிறார். இலை எடுப்புக்கு நாள் குறிக்கத் தோட்டத்துத் துரை இருக்கிறார். கூடைப்பந்து ஆட்டத்துக்கு நாள் குறிக்க அந்தத் தேயிலைத் தோட்டத்தில் காளியண்ணன் இருந்தார். மற்ற மூவரும் குறித்தால் குறித்தபடி நடக்கும். இவர் குறித்தது மட்டும் நடக்கவே நடக்காது. அப்படி ஒரு ராசி அந்த மனுஷனுக்கு.

தேயிலைத் தோட்டத்தில் கூடைப்பந்தா என்று சிரிக்காதீர்கள். மலேசியாவின் கேமரன் மலையில் சமதரைக்கு எங்கே போவது? காற்பந்து ஆடினால் ஓர் உதை போதும், பந்து சரிவில் உருண்டு அடுத்த டிவிஷனுக்குப் போய்விடும். அதைத் தேடி எடுத்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தோட்டத்தில் தட்டையாக இருந்த ஒரே இடம் இலை நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால், லாரி திரும்புவதற்காகச் சிமெண்டு போட்ட களம்தான். அந்தக் கொட்டகையில் இலைக்கூடையைத் தூக்கித் தராசில் மாட்டுகிற வேலை காளியண்ணனுக்கு. வாலிபத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கோலா தெர்லாவுக்குப் போய், சீனர்களின் தோட்டத்தில் முட்டைகோஸ் ஏற்றிக் கொடுப்பார். சாயங்காலம் அந்தப் பையன்கள் கூடைப்பந்து ஆடுவார்கள். வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவரை, ஓர் ஆள் குறைகிறது என்று உள்ளே இழுத்துவிட்டார்கள். பிடித்தது பித்து. ஃபேக்டரி பிட்டரைத் தாஜா பண்ணி இரண்டு இரும்பு வளையம் வெல்டிங் வைத்து வாங்கி, களத்தின் இரண்டு பக்கமும் கம்பம் நட்டுவிட்டார்.

நான் சொல்லுவது 1979-ஆம் வருஷத்துக் கதை. அதற்குள் அவருக்கு நாற்பது தாண்டி, முழங்காலும் போய்விட்டது. ஆடுவது நின்று, தோட்டத்துக் குழுவுக்குச் செயலாளர், பயிற்சியாளர், பந்துக்குக் காற்றடிக்கிற ஆள் எல்லாம் அவரே ஆகியிருந்தார். குழுவில் நல்ல ஆட்டக்காரன் அவருடைய ஒரே மகன் குணாளன். ஃபேக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. நல்ல உயரம். அவன் எழும்பினால் இறங்க மறந்துவிட்டான் போலிருக்கும்.

ஆள் இருக்கிறது, பந்து இருக்கிறது, களம் இருக்கிறது. எதிரிதான் இல்லை. கேளுங்கள் இந்த அநியாயத்தை. கோலா தெர்லா பையன்கள் தங்கள் இடத்தில் வைத்து இரண்டு தடவை இவர்களோடு ஆடி, இரண்டு தடவையும் தோற்றார்கள். “இப்ப எங்க களத்துக்கு வாங்கலா” என்று காளியண்ணன் கூப்பிட்டபோது முட்டைகோஸ் வெட்டுக்கு வந்துவிட்டது என்றார்கள். அதன் பிறகு வருஷம் முழுக்க அவர்களுக்கு முட்டைகோஸ் வெட்டுத்தான். தானா ராத்தாவில் ஒரு குழு இருந்தது. உங்கள் களம் சரிவாக இருக்கிறது என்று அவர்கள் ஒரு நொட்டை சொன்னார்கள். சரிவுதான், மழைத்தண்ணி ஓட வேண்டாமா? கீழே சமவெளியில் இருந்த பெரிய சங்கங்களோ, “நீங்க இறங்கி வாங்க, சாப்பாடு போடறோம், ஆடிட்டுப் போங்க” என்பதோடு சரி. மேலே ஏறி வர ஒருவனுக்கும் கால் வரவில்லை. இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. தோட்டத்துப் பையன்களை ஜெயித்தால் அவர்களுக்குப் பேர் கிடைக்காது. தோற்றாலோ மானம் போய்விடும். எவன் ஐம்பது வளைவு சுற்றி வந்து மானத்தை விடுவான்?

ஆக, குழு ஆடியதெல்லாம் அடுத்தவன் வாசலில்தான். ஜெயித்து வந்தாலும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் ஒருத்தரும் நம்புவதில்லை. “ஜெயிச்சீங்களாக்கும்! யாரு பாத்தா?” என்று காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் கேலி பேசுவார்கள். “பந்தத் தட்டித் தட்டித் தரையில குழி விழுந்ததுதான் மிச்சம்” என்பார்கள்.

இந்தக் கேலியெல்லாம் காளியண்ணனுக்கு உறைக்காது. அவருடைய பெண்டாட்டி வேலாயிக்கு உறைக்கும். இலை எடுப்பதில் கெட்டிக்காரி, வாயிலும் கெட்டிக்காரி. “எம்மவன் குதிச்சா ஒங்க கூரைமேல நிப்பான்டி” என்று நாலு பேரை வாயடைத்துவிட்டு வருவாள். ஆனால் அவளும் மகன் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மலை வளைவில் வண்டி ஏறினாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். அதனால் கீழே போனதே இல்லை. பிறகு நெஞ்சு வலி வந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. மலைக்கு இலை எடுக்கப் போவதை நிறுத்தி, வீட்டோடு உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது லயத்தின் கடைசி வீடு அவர்களுடையது. வாசலில் பெஞ்சைப் போட்டு உட்கார்ந்தால் கீழே களம் முழுவதும் தெரியும். பையன்கள் ஆடிப் பழகுவதை நாள் தவறாமல் பார்ப்பாள்.

ஒரு நாள் புருஷனிடம் சொன்னாள்: “ஏங்க, ஒருத்தனே போட்டு ஒருத்தனே எடுக்கறதுக்குப் பேரு ஆட்டமா? எதுத்து நிக்க ஆளு வேணாமா? நம்ம களத்துல, நம்ம சனம் பூராப் பாக்க, எம்மவன் ஜெயிக்கறத நான் ஒரே ஒரு தடவ பாத்துரணும்.”

“பாக்கலாம் வேலாயி. கூட்டிட்டு வரேன்.”

“எப்போ? நான் போனப்புறமா?”

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள்.

அன்றிலிருந்து மனுஷன் அலையாய் அலைந்தார். ஞாயிறு வந்தால் பஸ் ஏறுவார், ஒவ்வொரு சங்கத்து வாசலிலும் போய் நிற்பார். அடிவாரப் பட்டணத்தில் அமிர்தலிங்கம் என்று ஒரு வாத்தியார் இருந்தார். அங்கிருந்த பெரிய சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தங்கமான மனுஷர், மரியாதையாகப் பேசுவார். அவர் கூப்பிட்டுத் தோட்டத்துக் குழு மூன்று தடவை இறங்கிப் போய் ஆடியிருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் ஒரே ஒரு கூடையில்தான் தோற்றார்கள். அமிர்தலிங்கம் குணாளனின் தோளைத் தட்டி, “அடுத்த ஆட்டம் ஒங்க தோட்டத்துலதான் தம்பி. சத்தியமா வரோம்” என்று வாக்குக் கொடுத்தார்.

வாக்கு கிடைத்தது, நாள்தான் கிடைக்கவில்லை. முதலில் வைத்த நாளில் மழை கொட்டி ரோட்டில் மண் சரிந்தது. மறுபடி ஒரு நாள் வைத்தார்கள். அந்த வாரம் பார்த்து இலை பொங்கிக்கொண்டு வந்தது. ஞாயிறும் இலை எடுப்பு என்று துரை சொல்லிவிட்டார். களம் முழுக்கச் சாக்கு. மூன்றாவது தடவை அவர்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஒவ்வொரு தடவையும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடிப் போன் வாங்கிப் பேசிவிட்டு, காளியண்ணன் லயத்துக்கு ஏறி வருவார். வேலாயி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். “சரி விடுங்க. தேதிக்கா பஞ்சம்?” என்பாள்.

கடைசியில் காளியண்ணனுக்கு ஒரு யோசனை உதித்தது. மாரியம்மன் திருவிழா! திருவிழாவுக்குத் தோட்டமே லீவு. இலை கிடையாது, லாரி கிடையாது. சாமி ஊர்வலம் முடிந்த மறுநாள் ஞாயிறு, மஞ்சத்தண்ணி ஊற்றி விளையாடுகிற நாள். அன்றைக்கு ஆட்டத்தை வைத்தால் சனமும் இருக்கும், களமும் இருக்கும். கோயில் கமிட்டியிலும் சரி என்றார்கள். அமிர்தலிங்கமும் போனில், “ஆகட்டும்ணே, அந்த ஞாயிறு கண்டிப்பா” என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று காளியண்ணன் துள்ளிக் குதித்தார். வேலாயி உட்கார்ந்தபடியே களத்தைக் கூட்டச் சொல்லி, ஆள்மேல் ஆள் விரட்டினாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் தோட்டத்துச் சனம் எல்லை தாண்டிப் போய் வேறிடத்தில் ராத் தங்கக் கூடாது. மஞ்சத்தண்ணி ஊற்றிக் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் அதுதான் கட்டுப்பாடு. அந்தத் தோட்டத்தில் அது அசையாத கட்டு.

அந்த நேரம் பார்த்துத்தான் டிரசர் நாகமணி வீட்டுக்கு வந்தார். தோட்டத்து மருந்துக்கடைக்கு அவர்தான் பொறுப்பு. தானா ராத்தா டாக்டர் வேலாயிக்காகக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் பேசி வைத்திருந்த கட்டில் கிடைத்துவிட்டது என்றார். வரும் வியாழக்கிழமையே போய்ச் சேர வேண்டும். ஆட்டம் அதற்கும் மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை.

வேலாயி படக்கென்று சொன்னாள்: “காப்புக் கட்டியாச்சுங்களே ஐயா. எல்ல தாண்டி எப்படிங்க போவேன்? ஆத்தா குத்தம் வந்துரும்.”

“ஆஸ்பத்திரிக்கு என்னம்மா குத்தம்? நெஞ்சுல தண்ணி கோத்திருக்கு. இது வெளையாட்டுக் காரியமில்ல” என்றார் நாகமணி. பிறகு காளியண்ணன் பக்கம் திரும்பினார். “பூசாரியவே ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க. வியாழன் காலையில தோட்டத்து வண்டி நான் ஏற்பாடு பண்றேன்.”

காளியண்ணன் கோயிலுக்குப் போனார். பூசாரி சின்னையா வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சள்ளென்று விழுந்தார். “நோயாளிக்கு ஏதுடா எல்ல? ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன். மஞ்சத்துணியில ஒத்தக் காச முடிஞ்சு வெச்சிட்டு நீ கூட்டிட்டுக் கெளம்பு.”

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் என்ன சொல்ல முடியும்? காளியண்ணன் படியேறி வீட்டுக்கு வந்தார். வேலாயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கீழே பையன்கள் களத்தைக் கழுவி, சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்தபடியே இருந்தாள். இவர் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தது அவள் முகம்.

“பூசாரி என்ன சொன்னாரு?”

எத்தனையோ நாளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பழகிய மனுஷன். வியாழக்கிழமையிலிருந்து திங்கட்கிழமைக்கு, நாலே நாள்தானே என்று அவர் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

“கூடாதுன்னுட்டாரு” என்றார்.

அது பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததே, அந்த மலர்ச்சியைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. “அப்ப ஆட்டம் முடிஞ்சதும் திங்கக்கெழம போவோம்” என்றாள். டிரசரிடமும் அதையே சொல்லி அனுப்பினார்கள். நாகமணி தலையில் அடித்துக்கொண்டார். பாவி மனுஷா, பாவி மனுஷா என்று இன்றைக்கும் காளியண்ணனைத் திட்டத்தான் எனக்கு வாய் வருகிறது. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று விடிந்தது. மஞ்சத்தண்ணி ஊற்றி முடித்த ஈரத்தோடு சனம் முழுவதும் களத்தைச் சுற்றி மேட்டில் உட்கார்ந்தது. கேலி பேசினவர்கள்தான் முதல் ஆளாக இடம் பிடித்தார்கள். திருவிழாவுக்கு எடுத்த ஊதாச் சேலையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வேலாயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் சாப்பிட என்று கோயில் சோற்றில் ஒரு அண்டாவைத் தனியாக எடுத்து மூடி வைத்திருந்தார்கள். பையன்கள் பனியனை மாட்டிக்கொண்டு கைகாலை உதறிக்கொண்டு நின்றார்கள். காளியண்ணன் தோட்டத்துக் கேட்டுக்கும் களத்துக்குமாக நடந்தார்.

வண்டி வரவில்லை.

கீழே எங்காவது பஞ்சராகியிருக்கும் என்றார்கள். ரிங்லெட்டில் டீ குடிக்க நிறுத்தியிருப்பார்கள் என்றார்கள். மத்தியானம் தாண்டியது. எதிர் மலையிலிருந்து பனி இறங்க ஆரம்பித்தது. சனம் ஒவ்வொன்றாகத் துணியைத் தட்டிவிட்டு எழுந்து போயிற்று. போகிறபோது ஒருத்தரும் கேலி பேசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

குணாளன் மேலே ஓடி வந்தான். “ம்மா, நாங்களே ரெண்டா பிரிஞ்சு ஆடறோம், நீ பாரும்மா.”

“சின்னப் பிள்ளைக்கு நெலாக் காட்டற மாதிரி என்ன ஏமாத்தாதய்யா. அவங்க வரட்டும். வராம எங்க போயிருவாங்க?” என்றாள். பேசி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது. பனி மூடி வளையம் இரண்டும் தெரியாமல் போன பிறகுதான் உள்ளே வரச் சம்மதித்தாள்.

பொழுது சாய்கிறபோது பஸ் டிரைவர் ஒருவர் மூலம் தகவல் வந்தது. தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய குழு திடீரென்று பட்டணத்துக்கு வந்து ஆடச் சம்மதித்துவிட்டதாம். இத்தனை வருஷம் கூப்பிட்டு வராதவர்களாம், விட முடியவில்லையாம். அண்ணன் தப்பாக நினைக்க வேண்டாம், அடுத்த மாசம் கட்டாயம் வருகிறோம் என்று அமிர்தலிங்கம் சொல்லச் சொன்னாராம். தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பெரியவனுக்குச் சின்னவன் காத்திருந்தான், அவனுக்கு இவன் காத்திருந்தான். வரிசையில் கடைசியில் நின்றவள் வேலாயி.

திங்கட்கிழமை விடியுமுன் அவளுக்கு மூச்சுத் திணறல் முற்றிவிட்டது. நாகமணி ஓடி வந்து ஊசி போட்டு, வண்டியில் ஏற்றினார். பின் சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு காளியண்ணன் உட்கார்ந்தார். கால்மாட்டில் குணாளன். எப்போதும் வளைவு வந்தால் குமட்டுகிறவளுக்கு அன்றைக்குக் குமட்டவே இல்லை. அதைக்கூட நல்ல சகுனம் என்று அவர் நினைத்தார். “பாத்தியா, ஒனக்கு மல வழி பழகிருச்சு வேலாயி” என்று சொல்லி அவள் நெற்றியைத் தடவினார். பாதி மலை இறங்குவதற்குள் அந்த நெற்றி குளிர்ந்துவிட்டது. வண்டி திரும்பி மேலே ஏறியது.

பாடை கட்டுகிற இடத்தில்தான் அந்தப் பொய் வெளியே வந்தது. பூசாரி சின்னையா வாய்விட்டு அழுதார். “வியாழக்கெழமையே கூட்டிட்டுப் போடான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே! ஏன்டா போகல?”

குணாளன் மெதுவாக நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால் தேவலை.

“பூசாரி கூடாதுன்னாருன்னு சொன்னீங்களேப்பா.”

“அவ... அவ ஆசப்பட்டாடா. நீ ஆடறதப் பாக்கணும்னு ஆசப்பட்டா.”

“எந்த ஆட்டத்தப்பா பாத்தா?”

காளியண்ணன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மகன் தூக்கிவிடவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் வந்து தூக்கினார்கள். கருமாதி முடிகிற வரைக்கும் அவன் மொட்டைத் தலையோடு செய்ய வேண்டியதை எல்லாம் செய்தான், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. அப்பாவோடு மட்டும் பேசவில்லை. பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று லயத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினான். அவரிடம், “உடம்பப் பாத்துக்குங்க” என்றான். அவ்வளவுதான். காளியண்ணன் பஸ் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஜன்னல் பக்கம் நின்று அவன் முகத்தையே பார்த்தார். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் கிராணி ஆபீசிலிருந்து ஆள் வந்து, போன் வந்திருக்கிறது என்று கூப்பிட்டது. இலைக்கூடையைத் தராசிலேயே விட்டுவிட்டு ஓடினார். மகனாக இருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம். எடுத்துப் பேசினால் அமிர்தலிங்கம்.

“காளியண்ணே, எம்மேல கோவமா இருப்பீங்க. அன்னிக்கு நடந்தது பெரிய தப்புண்ணே, என் மனசே சரியில்ல. இந்தத் தடவ நாள நீங்களே சொல்லுங்க. மழையானாலும் சரி, மண் சரிஞ்சாலும் சரி, நடந்தாவது வந்துருவோம். எந்த ஞாயிறு ஒங்களுக்குத் தோதுப்படும்?”

காளியண்ணன் போனைக் காதில் வைத்தபடி நின்றார். ஜன்னலுக்கு வெளியே களத்தில் லாரி நின்றது, இலை மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. கிராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அந்தப் பக்கம் வாத்தியார், “அண்ணே, இருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இருக்கேன் சார்” என்றார் காளியண்ணன். “ஒங்களுக்கு எப்ப முடியுமோ அப்ப வாங்க. எங்களுக்கு இனிமே ஒண்ணும் அவசரமில்லீங்க.”